டேங்குக்குள் இருப்பவன் பதில் சொல்ல வேண்டும்

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றிலிருந்து மீன்பிடித் தடை. ஜூன் பதினான்கு வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீனுக்குப் பிரசவ விடுப்பு, தூத்துக்குடி ஆண்பிள்ளைகளுக்கு வீட்டுச் சிறை. காலை பத்து மணிக்குள் ஜெசிந்தாவின் சமையலில் மூன்று குறை சொல்லிவிட்டேன். அவள் அலமாரியைத் திறந்து, வலைக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரியை எடுத்து மடியில் போட்டாள்.

"எங்கண்ணனப் பத்தி எங்கிட்ட பொலம்புறத எல்லாம் இதுல எழுதுங்க. இதுக்குக் காது கெடையாது."

நான் புலம்புவதில்லை. நடந்ததைச் சொல்வேன், அவ்வளவுதான்.

நடந்தது இது. 'விடிவெள்ளி' எங்கள் படகு. பாதி எனக்கு, பாதி ஜெசிந்தாவின் அண்ணன் பெர்க்மான்ஸ் மச்சானுக்கு. நான் சுக்கான் பிடிப்பேன், அவர் இஞ்சின் பார்ப்பார். போன கார்த்திகையிலிருந்து படகுக்கு ஒரு வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் திடீரென்று நின்றுபோகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். மச்சான் பில்டரை மாற்றினார், பம்பைக் கழற்றி மாட்டினார், குழாயை ஊதிப் பார்த்தார். காரணம் அகப்படவில்லை.

பிப்ரவரியில் காற்று உரத்திருந்த ஒரு நாள், பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. படகு பாறையைப் பார்த்துப் போகிறது. நான் சுக்கானோடு மல்லுக்கட்டுகிறேன். மச்சான் வயர்லெஸ்ஸை எடுத்து உதவிக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் பட்டனை விட வேண்டுமா வேண்டாமா? அழுத்தியபடியே என் பக்கம் திரும்பி, "இவரு சுக்கான் புடிக்க லெட்சணத்துக்கு அதுல ஒரு தேங்கா மட்டையக் கட்டி வச்சிருக்கலாம்" என்றார். கடலில் இருந்த அத்தனை படகும் கேட்டது. கடைசி நிமிடத்தில் மச்சான் கீழே ஓடி மறுபடி போட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது, பிழைத்து வந்தோம். துறைமுகத்தில் கால் வைத்ததும் ஐஸ் வண்டிக்காரன், "வாங்க மட்டை" என்றான்.

அன்றிலிருந்து நானும் மச்சானும் பேசுவதில்லை. தடை தொடங்கும்வரை ஒரே படகில் போனோம், வந்தோம், ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. கோயில். மச்சான் மூன்று வரிசை தள்ளி முழங்காலில் நின்றார். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட்டார் போலிருக்கிறது, எழுந்திருக்கத் திணறினார். எனக்கென்ன.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மதினி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதால் தனியாக. ஆட்டுக்கறியைப் பார்த்தே பேசினார், நான் ஊறுகாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். நடுவில் ஜெசிந்தா தபால்காரி.

"தங்கச்சி, தட முடிஞ்சதும் நான் ஐஸ் கம்பெனியில மோட்டார் பாக்கப் போறேன். சொல்லிட்டேன்."

"யாருட்டண்ணே சொல்லுத? எனக்கா, அங்க உக்காந்திருக்கவியளுக்கா?"

"பொதுவா சொன்னேன்."

இருபத்தைந்து வருடம் கடலில் இருந்த மனுஷன். என்னோடு படகில் இருப்பதைவிட ஐஸோடு குளிரில் இருப்பது மேல் என்று போகிறார். நல்லது, போகட்டும். வேறு இஞ்சின்காரன் கிடைக்காமலா போவான்? ஆனால் விடிவெள்ளியின் இஞ்சின் மச்சான் கை பட்டால்தான் ஒரு தடவையில் பிடிக்கும். அது படகின் கெட்ட பழக்கம்.

கறி நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை, வெயில்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜெசிந்தா உத்தரவு போட்டுவிட்டாள். டீசல் டேங்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டுமாம். "ஐஸ் கம்பெனிக்குப் போறவரு போறதுக்கு முன்னால படகச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போவட்டும். பாதிப் படகு அண்ணனோடதுதான?" என்றாள். நியாயம்தான்.

டேங்கு என்றால் சும்மா தூக்கி வெளியே வைக்கிற டேங்கு இல்லை. படகு கட்டும்போதே இரும்பு டேங்கை அடியில் உட்கார வைத்து, அதற்கு மேல் தளமும் கேபினும் எழுப்பிவிட்டார்கள். டீசல் ஊற்ற மேலே ஒரு குழாய், இஞ்சினுக்கு உறிஞ்ச ஒரு குழாய். கை விட வழி கிடையாது.

வெல்டர் சுடலைமணி வந்து கேபின் தரைப் பலகையைக் கழற்றி, டேங்கின் தலையில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு வழி. கேபின அறுத்து எடுத்துட்டு டேங்கத் தூக்கி புதுசு வைக்கலாம். இல்லன்னா மேத்தகட்டுல ஒரு வாசல் வெட்டி, ஆள் உள்ள எறங்கி வழிச்சி எடுக்கலாம்."

"கேபின அறுக்கக் கூடாதுன்னு சொல்லும் சுடல" என்றேன்.

"கேபின அறுக்கணும்னு யாரு சொன்னான்னு கேளும் சுடல" என்றார் மச்சான்.

சுடலைமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுதிய. இதுக்கு நான் எதுக்கு நடுவுல?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மிச்ச டீசலைப் பீப்பாய்களில் இறக்கியாயிற்று. அடியில் வந்தது டீசல் இல்லை, கருப்பு அல்வா. பிறகு சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டு அலசினோம். டீசல் ஆவி இருக்கும்போது நெருப்பைக் காட்டினால் படகும் மிஞ்சாது, காட்டியவனும் மிஞ்சான் என்பதால் வாசலை வெல்டிங்கால் வெட்ட முடியாது. டேங்கு நிறைய தண்ணீரை நிரப்பிவிட்டு, கையால் சுற்றும் துரப்பணத்தால் வரிசையாகத் துளை போட்டு, இடையே உளியால் பிளக்க வேண்டும். சுடலைமணி ஒரு பக்கம் தொடங்கினார். எதிர்ப்பக்கத்தில் நான் அரை நாள், மச்சான் அரை நாள்.

மச்சான் போட்ட துளைகள் நூல் பிடித்ததுபோல இருக்கின்றன. என்னுடையவை கொஞ்சம் கோணல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மே 2, வெள்ளி

வாசல் திறந்துவிட்டது, நிரப்பிய தண்ணீரையும் இறைத்தாயிற்று. நாற்றத்தில் இரண்டு காக்கை இடம் மாறின.

மே 3, சனி

உள்ளே யார் இறங்குவது? கூட வேலை செய்யும் பையன்கள் தடைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கூலிக்கு ஆள் கேட்டால், "அதுக்குள்ளயா, எனக்குக் கலியாணம் ஆகல" என்கிறார்கள். டேங்குக்குள் நடுவில் ஒரு தடுப்புத் தகடு. படகு ஆடும்போது டீசல் அலையடிக்காமல் இருக்க வைத்தது. அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் மச்சானின் தலை போகும், மற்றது போகாது. நான் தேங்காய் மட்டை அல்லவா, எங்கும் போவேன்.

சுடலைமணி இடுப்பில் கயிறு கட்டிவிட்டார். காற்று ஊதும் புளோயர் குழாயை உள்ளே விட்டார். மூக்குக்கு மூடி, பாட்டரி விளக்கு. பிறகு எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"இது வெளையாட்டு இல்ல. ஆவி ஏறுச்சின்னா மனுசனுக்கே தெரியாம மயக்கம் வந்துரும். வெளிய இருக்கவரு விடாம கொரல் குடுத்துக்கிட்டே இருக்கணும். உள்ள இருக்கவரு பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒரு தடவ பதில் வரலன்னா யோசிக்காம கயித்த இழுத்துரணும். சும்மா இருந்தா ஆள் போயிரும். வெளங்குச்சா?"

விளங்கியது. அதுதான் கஷ்டம்.

இறங்கிவிட்டேன். குப்புறப் படுத்துக்கொண்டு தகரத்தால் சேற்றை வழித்து வாளியில் போட வேண்டும். மேலே வாசலில் மச்சானின் இரண்டு பாதங்கள் தொங்குகின்றன. சத்தமே இல்லை. பேசாதவன் எப்படிக் குரல் கொடுப்பது? தொண்டையைச் செருமினார். நானும் செருமினேன். எத்தனை நேரம்தான் இரண்டு ஆடுபோலச் செருமிக்கொண்டிருப்பது?

திடீரென்று மேலேயிருந்து அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதி வந்தது. மே மாதம் மாதாவின் மாதம், ஊரே செபமாலை சொல்லும் மாதம். முன்பாதி ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். இது அவர் என்னோடு பேசுவது ஆகாது, இருவரும் மாதாவோடு பேசுவதுதான் ஆகும். கெட்டிக்காரர். நான் பின்பாதியைச் சொன்னேன்.

மதியத்துக்குள் பல செபமாலை முடிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதெல்லாம் சேர்த்தாலும் இத்தனை வராது. வெளியே வந்ததும் ஜெசிந்தா சோப்போடு நின்றாள்.

"உள்ள ஏதும் கெடந்துச்சா?"

"சேறு."

"சேறு மட்டுந்தானா?"

"வேற என்ன, முத்தா கெடக்கும்?"

மே 5, திங்கள்

செபமாலை சலித்துவிட்டது. மாதாவுக்கும் சலித்திருக்கும். பத்து மணி வாக்கில் மேலேயிருந்து, "சீலா" என்று ஒரு சத்தம். எனக்கு முதலில் புரியவில்லை. கயிறு லேசாக இழுபட்டது.

"பாறை" என்றேன்.

"ஊளி."

"களவா."

"வெளமீன்."

மீன் பெயர் சொல்வதும் பேச்சு ஆகாது. ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்லக் கூடாது என்பது தானாகவே சட்டமாகிவிட்டது. சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தோம். கடைசியில் மச்சான் "கருவாடு" என்றார். "அது மீன் பேரு இல்ல" என்று வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டு, "செல்லாது" என்று மட்டும் சொன்னேன். மேலே பாதங்கள் கொஞ்சம் குலுங்கின.

ஜெசிந்தா இன்றைக்கும், "ஏதும் கெடந்துச்சா?" என்று கேட்டாள். என் மனைவிக்குப் பேராசை இருப்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது.

மே 8, வியாழன்

இருமல். ஜெசிந்தா மிளகுக் கசாயம் வைத்தாள். போய்ப் பார்த்தால் மச்சான் இன்னொரு பெரிய புளோயர் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். படகின் நன்மைக்காக இருக்கும்.

மே 10, சனி

இன்று தடுப்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். மச்சானின் பாதங்கள்கூடத் தெரியாது. விளக்கு வெளிச்சம், சேறு, நான். மீன் பெயர்கள் தீர்ந்துவிட்டன. படகுகளின் பெயர்கள் தீர்ந்துவிட்டன. கயிறு இழுபட்டது.

"பிப்ரவரியிலேருந்து" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "படகுல சாப்புடும்போது எனக்கு மட்டும் கொழம்பத் தனிச் சட்டியில எடுத்து வச்சீரு. எதுக்கு?"

பதில் சொல்லியாக வேண்டும். சட்டம்.

"ஓமக்கு வயித்துப் புண்ணு. ஒறைப்பு கொறச்சி ஜெசிந்தாட்ட தனியா வைக்கச் சொன்னேன்."

"நான் என்னமோ ஒதுக்கி வைக்கீருன்னு நெனச்சேன்."

"அதுக்குந்தான்."

மேலே ஒரு செருமல். பிறகு, "மட்டைன்னு சொன்னதுக்கு நீரு அங்கயே என்ன ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்லா?"

"கை சுக்கான்ல இருந்துச்சி."

"கரைக்கு வந்த பெறவு?"

"கரைக்கு வந்த பெறவு நீரு ஒல்லியாத் தெரிஞ்சீரு."

உண்மை. அன்றைக்குக் கரையில் இறங்கியபோது அந்தப் பெரிய உடம்பு சுருங்கிப்போய் இருந்தது. நான் பார்க்காததுபோல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் வழித்துக்கொண்டே இருந்தேன். மேலேயிருந்து வந்த அடுத்த குரல் தாழ்ந்திருந்தது.

"மாப்ள, நான் ஓம்ம மேல கோவத்துல ஐஸ் கம்பெனிக்குப் போகல. எனக்குப் பயமாருக்கு. அன்னைக்குக் கீழ நின்னுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு, இஞ்சின் மட்டும் ஓடல. மேல அத்தன பேரு இருக்கிய. என்னால ஒண்ணும் பண்ண முடியல. அந்தப் பயத்துலதான் ஓம்ம ஏசுனேன். இப்பயும் இஞ்சின் சத்தம் லேசா மாறுனா கை வெடவெடங்குது. எதுக்கு நிக்கின்னே தெரியாத இஞ்சின வச்சிக்கிட்டு ஓம்மையும் அந்தப் பையன்மாரையும் நான் எப்படிக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

என் கை நின்றுவிட்டது. நான் அவரைப் பற்றி இந்த டைரியில் எழுதியிருப்பதெல்லாம் ஒன்று, மேலே உட்கார்ந்திருப்பவர் வேறொன்று.

"மாப்ள."

நான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

"மாப்ள, பதில் சொல்லும். மாப்ள. கஸ்பாரு."

கயிறு இடுப்பை வெட்டிக்கொண்டு இழுத்தது. தடுப்புத் தகட்டில் தோள் இடித்தது. பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

"இருக்கேன் மச்சான்" என்றேன். "இழுக்காதீரும், இருக்கேன்."

மேலே பெருமூச்சு விடுவது டேங்கு முழுக்கக் கேட்டது.

மே 11, ஞாயிறு

பூசை. ஓய்வு. தோளில் எண்ணெய் போட்டுக்கொண்டேன். மீதி எண்ணெயை மச்சான் முழங்காலுக்குக் கொடுத்து அனுப்பினேன். ஜெசிந்தா சாயங்காலம் வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மே 12, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கடைசி மூலையில், இஞ்சினுக்கு டீசல் உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. அந்த வாயில் ஒரு சல்லடை இருக்க வேண்டும், துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அதன் கீழே சேற்றைத் தோண்டியபோது தகரத்தில் ஏதோ மெத்தென்று சிக்கியது. விளக்கில் காட்டினேன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் தைத்த இரண்டு சின்னத் துணித் துண்டுகள், நடுவே ஒரு நாடா. துடைத்தால் உள்ளே மாதா படம்.

உத்தரியம். கார்மேல் மாதாவின் உத்தரியம். கழுத்தில் போட்டுக்கொண்டால் ஆபத்தில் மாதா கைவிட மாட்டாள் என்பது எங்கள் நம்பிக்கை. அதை யார் டீசல் டேங்குக்குள் போட்டது?

ஓரத்தில் நீல நைலான் நூலில் இரட்டைத் தையல். அந்தத் தையலை என் சட்டை ஒவ்வொன்றிலும் பார்க்கிறேன்.

வெளியே வந்து மச்சான் கையில் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டைகளையும் தைப்பது ஜெசிந்தாதான்.

"ஊத்துற கொழாய் வழியா போட்டிருக்கா" என்றார் மெதுவாக.

பிறகு எழுந்து போய் ஒரு வாளியில் டீசல் ஊற்றி, கைப்பம்பை எடுத்துவந்து குழாயை உள்ளே விட்டு, உத்தரியத்தையும் போட்டார். "அடியும்" என்றார். நான் அடித்தேன். உத்தரியம் வாளிக்குள் மிதந்து சுற்றியது, இரண்டு சுற்று, மூன்று சுற்று, பிறகு சட்டென்று போய்க் குழாயின் வாயில் அப்பிக்கொண்டது. பம்பு இறுகிவிட்டது. ஒரு சொட்டு ஏறவில்லை. கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உத்தரியம் தானாக விலகி, மறுபடி மிதக்கத் தொடங்கியது. அடித்தேன், டீசல் வந்தது.

நான்கு தடவை செய்து பார்த்தோம். நான்கு தடவையும் அதே கதை.

மச்சான் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை பில்டர், எத்தனை பம்பு. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சுடலைமணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஆவி ஏறிவிட்டது என்று பயந்து இருவரையும் காற்றாட இழுத்து உட்கார வைத்தார்.

"எந்தங்கச்சிட்ட சொல்லிராதீரும்" என்றார் மச்சான். "சொன்னா செத்துருவா."

"சொன்னா அவ சாகமாட்டா மச்சான். நம்மளத்தான் கொல்லுவா."

வீட்டுக்கு வந்ததும் வழக்கமான கேள்வி.

"ஏதும் கெடந்துச்சா?"

"சேறுதான்" என்றேன். எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிற தைரியத்தில் முகம் மாறாமல் சொன்னேன்.

மே 21, புதன்

டேங்கின் அடியில் ஒரு மூலையில் தகடு அரித்து மெலிந்திருக்கிறது. சுடலைமணி மறுபடி கழுவச் சொல்லி, காயவைத்து, ஆவி இல்லை என்று மூன்று தடவை உறுதி பார்த்துவிட்டு ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். குழாய் வாய்க்குப் புதுச் சல்லடை. வெட்டிய வாசலுக்கு ரப்பர் வைத்துப் போல்ட்டு மூடி. இனி வேண்டும்போது திறக்கலாம். நாங்கள் பேசிக்கொண்டே வேலை செய்கிறோம். ஒரு நாள் முழுக்கப் பேசியதில் பாதி சண்டை. ஆனந்தமாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

புது டீசல் ஊற்றி, கட்டிப் போட்டபடியே இஞ்சினை ஓடவிட்டோம். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடியது. ஒரு முணுமுணுப்பு இல்லை.

இஞ்சினை அணைத்துவிட்டு மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கேட்டுவிட்டேன்.

"பெறகென்ன மச்சான்? காரணந்தான் தெரிஞ்சிருச்சே. ஐஸ் கம்பெனியில வரலன்னு சொல்லிறவேண்டியதுதான?"

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"காரணம் எனக்குத் தெரிஞ்சிருச்சி மாப்ள. கைக்கு இன்னும் தெரியல."

இந்தப் படகில் வேறு எவன் வந்து இஞ்சின் பார்த்தாலும் எனக்குப் பிடிக்காது. இதை ஏப்ரல் மாதமே எழுதியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். சாயங்காலம் ஜெசிந்தா படகுக்கு வந்தாள். கையில் கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால் புது உத்தரியம். நீல நூல், இரட்டைத் தையல்.

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

"ஒண்ணு சொல்லுதேன், ஏசக்கூடாது" என்றாள். "போன ஐப்பசியில நம்ம டேங்குல ஒரு உத்தரியம் போட்டுவச்சேன். யாருக்கும் தெரியாது. அது உள்ள கெடந்ததாலதான் பிப்ரவரியில அந்தப் பாறையில மோதாம ரெண்டு பேரும் பொழச்சி வந்திய. இப்ப வழிச்சதுல அது எங்க போச்சோ தெரியல. அதான் புதுசு. ஊத்துற கொழாயத் தொறங்க, போட்டுட்டுப் போறேன்."

மச்சான் ஒரே எட்டில் குழாய் மூடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அத்தனை பெரிய உடம்பு அத்தனை வேகமாக அசைந்து நான் பார்த்ததில்லை.

"வேண்டாம் தங்கச்சி. உள்ள இருட்டு. மாதா எதுக்கு டீசல்ல கெடக்கணும்?"

"ஆமா" என்றேன் நான். "கேபின்ல தொங்கவிடுவோம். மாதாவுக்கும் கடல் தெரியும்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். என்ன விளங்கியதோ, உத்தரியத்தைச் சுக்கானுக்கு மேலே ஆணியில் மாட்டினாள்.

"ரெண்டு பேரும் சேந்து பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டிய. எனக்கு அது போதும்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கடலுக்குக் கிளம்புவதைப் பற்றி மச்சான் வாயைத் திறக்கவில்லை. ஐஸ் கம்பெனியிலும் திங்கட்கிழமைதான் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் ஏற்றினோம், வலை ஏற்றினோம், பையன்கள் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். மச்சான் வரவில்லை. நான் இரண்டு தடவை அவர் தெரு வழியாகப் போனேன். உப்பு வாங்கத்தான்.

ஜூன் 16, திங்கள்

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். கை வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

விடியுமுன்னே துறைமுகம் கல்யாண வீடுபோல இருந்தது. எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்புகிறது. நான் கேபினில் ஏறி துறைமுக வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகக் கயிற்றை அவிழ்த்துப் போகின்றன. "கெளம்பலயா மட்டை?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். சரி, நானே கீழே போய் இஞ்சினைப் போடுவோம் என்று திரும்பினேன். காலுக்கடியில் தளம் அதிர்ந்தது. ஒரே தடவையில் பிடித்துவிட்டது.

குனிந்து பார்த்தால் மச்சான். எனக்கு முன்னாலேயே வந்து கீழே உட்கார்ந்திருக்கிறார்.

"எப்ப வந்தீரு?"

"ஒரு நாள் வந்து பாக்குதேன். இன்னைக்கு மட்டும். ஐஸ் கம்பெனியில நாளைக்கு வாரேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். முகம் வெளிறியிருந்தது.

கிளம்பினோம். நல்ல கடல். ஆனால் எனக்குக் காது முழுக்கக் கீழேதான். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு அலையில் படகு ஏறி இறங்கி, இஞ்சின் சத்தம் ஒரு இழை மாறினாலும் அவர் தலை மேலே எட்டிப் பார்த்தது. பையன்கள் கொடுத்த டீயைக் கையில் வாங்கினார், பாதி தளத்தில் சிந்தியது. இப்படியே வெயில் ஏறும்வரை. பாறைத்திட்டு தூரத்தில் தெரிந்தது, இன்றைக்கு அதற்கு வெகு தொலைவில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

மச்சான் மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மாப்ள, இஞ்சின நிறுத்தும்."

"எதுக்கு?"

"ஓடிக்கிட்டே இருந்தா, இப்ப நின்னுருமோ, அப்ப நின்னுருமோன்னுதான் நாளெல்லாம் இருக்கும். நாமளே நிறுத்திருவோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு நிறுத்தும் கம்பியை இழுத்தேன்.

சத்தம் அடங்கியது. படகு கொஞ்ச தூரம் தானாகப் போய் நின்று, அலைக்கு ஆடத் தொடங்கியது. மரத்தில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது. பையன்கள் எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று நினைத்து வலையைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் பாறைத்திட்டையே பார்த்தார். ஆடட்டும் என்று விட்டுவிட்டு, கேபின் சுவரில் சாய்ந்து, பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றார். கீழே இறங்கினார்.

ஒரே தடவை. இஞ்சின் பிடித்துக்கொண்டு, சீராக ஓடியது.

அவர் உடனே மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி வந்து, துணியில் கையைத் துடைத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். கரி அப்பிய தடித்த கை. ஆடவில்லை.

"நாளைக்கு ஐஸ் கம்பெனிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரணும் மாப்ள" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "எதுக்கு மச்சான்?"

"வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லத்தான். சொல்லாம இருக்கது மரியாத இல்லல்லா? போவும்போது நீரும் வாரும்."

"வாரேன்" என்றேன். சுக்கானை அவர் கையில் கொடுத்துவிட்டு, வலையை இறக்கச் சொல்லப் பையன்களிடம் போனேன். கண்ணில் தண்ணீர் நின்றதை அவர் பார்க்க வேண்டாம் என்றுதான் போனேன். பார்த்துவிட்டார்.